அதே ஒன்பதாயிரம்

ஜனவரி 8

மருந்துக் கடைக்காரர் இந்த வருஷம் எனக்கு ஒரு டைரி கொடுத்தார். மாதாமாதம் அவர் கடையில் நான் கொட்டுகிற பணத்துக்கு ஒரு கட்டிலே கொடுக்கலாம், டைரியாவது கொடுத்தாரே. பக்கத்துக்கு ஒரு மாத்திரையின் பெயர் கீழே அச்சடித்திருக்கிறது. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் பேச ஆளில்லாமல் வாய் நமநம என்கிறது, அதனால் எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் கஸ்பார் அக்டோபரில் குளியலறையில் விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டிய மனிதர் இப்போது கட்டிலில் இருக்கிறார். நான் பக்கத்தில் தையல் மிஷினில் பிளவுஸ் தைக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இன்று ஜவுளிக் கடையில் ஒரு சண்டை. படுக்கை விரிப்பு மூன்று எடுத்தேன், ஆயிரத்து இருநூறு. பொங்கல் தள்ளுபடி, ‘50% + 20%’ என்று வாசலிலேயே கட்டியிருந்தான். ஐம்பதும் இருபதும் எழுபது. முந்நூற்று அறுபதுதான் வர வேண்டும். பில்லில் நானூற்று எண்பது.

“ஏம்மா, கூட்டத் தெரியாதா உனக்கு?” என்றேன்.

“அக்கா, அம்பது போனா அறுநூறு. அந்த அறுநூறுலதான் இருபது போவும்” என்றாள் பில் போடும் பெண்.

“போர்டுல அப்படி எழுதலியே.”

“போர்டு நான் எழுதலக்கா” என்றாள். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. நானூற்று எண்பதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 9

அந்தப் பெண் சொன்னது சரிதான். காலையில் சோறு வடிக்கும்போது பிடிபட்டது. முதல் ஐம்பது ஆயிரத்து இருநூறில். அடுத்த இருபது அந்த ஆயிரத்து இருநூறில் இல்லை, மிச்சத்தில். எதை நூறு என்று வைத்துக்கொள்கிறோமோ அது நடுவிலேயே மாறிவிடுகிறது. எதில் என்று கேட்காமல் சதவீதத்தைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது போலிருக்கிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை பெயிலானவள் நான். இதை மட்டும் அன்றைக்கே ஒருவர் புரியும்படி சொல்லியிருந்தால் ஒரு முறையோடு போயிருக்கும்.

புது விரிப்பு மூன்றும் இன்றைக்கே கொடியில் தொங்குகின்றன.

ஜனவரி 17

இவருடைய கம்பெனியிலிருந்து பணம் வந்துவிட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து எட்டு லட்சம். பென்ஷன் என்று ஒன்று வரும், அது மாத்திரைக்கே காணாது. ஆக, இனிமேல் நாங்கள் இருவரும் கண்ணை மூடும் வரைக்கும் இந்த எட்டு லட்சம்தான்.

பணம் வந்த விஷயத்தை இவர் காதருகில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். வீட்டில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் இதுவரை நான் தொட்டதில்லை, எல்லாம் இவர்தான். இப்போது என்ன செய்ய என்று கேட்டால் பதில் சொல்ல முடியவில்லையே என்று அவருக்கு இருக்கும்.

ஜனவரி 19

என் அண்ணன் தொபியாஸ் வந்தான், அவன் மனைவி அக்னேஸ் மைனியையும் கூட்டிக்கொண்டு. அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவன். படகுக்காரர்களுக்கு மீனை விற்றுக் கொடுத்து நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்வான். ஆறு வருஷத்துக்கு முன் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயர் விட்டுப்போனது. அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்றான் அண்ணன். விட்டது அச்சுக்காரன் இல்லை என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது. இவர் விழுந்த பிறகு அண்ணன் வாராவாரம் வருகிறான். வந்து கட்டிலருகே உட்காருவான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்புவதற்கு அவருக்கு எவ்வளவு சிரமம் என்று எனக்குத்தான் தெரியும், ஆனாலும் திரும்புவார்.

“ரூவா வந்துட்டாம்லா?” என்றான்.

“வந்துட்டு.”

“அப்போ சொல்லுதேன் கேளு. நவமுத்துன்னு ஒரு கம்பெனி. மாசம் பத்து சதவீதம் கொடுக்கான். உன் எட்டு லட்சத்துக்கு மாசம் எம்பதாயிரம். நான் மூணு போட்டேன். மொத ரெண்டு மாசம் முப்பது முப்பதா கையில வாங்கினேன். அப்புறம் வட்டியையும் அதுலயே போடுங்கன்னான் மானேஜரு. இப்ப அஞ்சே கால் லட்சம் ஆயிட்டு.”

மைனி தன் கைப்பையிலிருந்து அந்தக் கம்பெனிச் சீட்டை எடுத்துக் காட்டினாள். பளபளவென்று இருந்தது.

எண்பதாயிரம். கட்டிலைப் பார்த்தேன். கை கால் பயிற்சி கொடுக்கிறவரை வாரம் ஒரு நாள்தான் கூப்பிட முடிகிறது, தினமும் வந்தால் சீக்கிரம் நடந்துவிடுவார் என்று அவரே சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 24

இன்று நான் பட்ட அவமானத்தை எழுதாமல் விட்டால் எனக்கே மறந்து போகும், எழுதிவிடுகிறேன்.

தையலுக்கு வந்த எதிர்வீட்டுக்காரி, பணத்தைத் தெருவில் நல்ல ஆளாகப் பார்த்து இரண்டு வட்டிக்கு விடலாமே என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தபால் ஆபீஸிலேயே ஏழுக்கு மேல் தருகிறான், இவள் இரண்டுக்கு விடச் சொல்கிறாளே என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்ததோடு நிற்கவில்லை. தபால் ஆபீஸுக்கு விவரம் கேட்கப் போனபோது கவுண்டரில் இருந்த அம்மாளிடமும் அதைச் சொன்னேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். “ரெண்டு வட்டின்னா நூத்துக்கு ரெண்டு ரூவா. எத்தன நாளைக்கு?”

“மாசத்துக்கு.”

“எங்க ஏழு?”

“அதுவும்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“இது வருஷத்துக்கும்மா” என்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு இருபத்து நான்கு. நாற்பத்தெட்டு வயது வரைக்கும் ‘இரண்டு வட்டி’, ‘மூன்று வட்டி’ என்று வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்திருக்கிறேன். வட்டிக்காரன் மாதத்தில் பேசுகிறான், பாங்கிக்காரன் வருஷத்தில் பேசுகிறான். இரண்டு பேரும் எண்ணை மட்டும் சொல்கிறார்கள். நாம் சின்ன எண்ணைப் பார்த்து அங்கே போய் நிற்கிறோம்.

ஜனவரி 25

எல்லாவற்றையும் பன்னிரண்டால் பெருக்கிக்கொண்டு திரிகிறேன். பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 3

தைத்துக்கொண்டிருக்கும்போது தானாக ஒன்று அகப்பட்டது. எழுபத்தைந்தில் நான்கு சதவீதம் எவ்வளவு? போன் கால்குலேட்டரில் போட்டேன், மூன்று. எண்ணைத் தவறி மாற்றி அழுத்தி, நான்கில் எழுபத்தைந்து சதவீதம் என்று போட்டேன். அதுவும் மூன்று. ஐம்பதில் பதினெட்டு, ஒன்பது. பதினெட்டில் ஐம்பது, அதாவது பாதி, ஒன்பது. எதைப் போட்டுத் திருப்பினாலும் ஒரே விடை. மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது யார் ஏற்பாடு செய்து வைத்தது? நான் பிறப்பதற்கு முன்னாலும் இப்படித்தான் இருந்திருக்கிறது, ஒரு வார்த்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இவரிடம் சத்தமாகச் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரம் கொஞ்சம் கோணியது, சிரித்தார் என்றுதான் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 7

டாக்டர் சொன்னார், “பேச்சு எழுபது சதவீதம் வந்துடும்மா.”

சரி டாக்டர் என்று வெளியே வந்துவிட்டேன். ஆட்டோவில் ஏறின பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. எதில் எழுபது? இவரைப் போல நூறு பேர் இருந்தால் எழுபது பேருக்குப் பேச்சு வருமா? அப்படியானால் இவர் அந்த முப்பதில் இருக்கலாம். இல்லை, இவருக்கு நூறு வார்த்தையில் எழுபது வருமா? அப்படியானால் எந்த முப்பது வராது?

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆட்டோக்காரர் போய்க்கொண்டே இருந்தார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20

தவக்காலம் தொடங்கிவிட்டது, மீன் விலை ஏறி ஏறி இறங்குகிறது. அண்ணன் இரண்டு விளமீன் கொண்டுவந்தான். போன வாரம் கிலோ இருநூறு விற்றது, நேற்று நானூறு, இன்றைக்குத் திரும்பவும் இருநூறாம். ஏறினது நூறு சதவீதம், இறங்கினது ஐம்பது சதவீதம், ஆனால் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது. அண்ணனிடம் சொன்னேன்.

“அதுக்கென்ன இப்போ?” என்றான்.

“உனக்கு ஆச்சரியமா இல்லியா?”

“எனக்கு எட்டு லட்சம் எங்க கெடக்குன்னு நினச்சாத்தான் ஆச்சரியமா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள போட்டா உனக்குப் பன்னெண்டு தாரேன்னு மானேஜரு சொல்லுதாரு. ரூவா பாங்கியில சும்மா கெடக்கு பிலோமி. மாப்ள கெடக்க கெடைக்கு ஒரு வழி பண்ண வேண்டாமா?”

நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் குரலில் ஒரு அவசரம் இருந்தது. ஏலத்தில்கூட அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 22

முடிவு செய்துவிட்டேன். போடப் போகிறேன். தினமும் பயிற்சிக்காரர் வருவார், ஆள் வைத்துக்கொள்ளலாம். கொடியில் விரிப்புத் தொங்காத ஒரு நாளைப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை அண்ணனோடு போய்க் கையெழுத்து.

பிப்ரவரி 23

போட மாட்டேன்.

மத்தியானம் இவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நம்முடைய எட்டு லட்சம் எவ்வளவு ஆகும் என்று ஆசையாகப் பார்க்க உட்கார்ந்தேன். பன்னிரண்டு வேண்டாம், பத்தே போதும். அண்ணன் செய்வது போல வட்டியையும் அதிலேயே போடுவதாக வைத்துக்கொண்டேன். எட்டு லட்சத்தை ஒன்று புள்ளி ஒன்றால் பெருக்கு. அப்புறம் சமம் என்பதை அழுத்த அழுத்த மாதம் போய்க்கொண்டே இருக்கும். பன்னிரண்டு முறை அழுத்தினேன். இருபத்தைந்து லட்சம். சந்தோஷம் தாங்கவில்லை. இவரிடம் காட்டினேன். இரண்டாம் வருஷம் எழுபத்தெட்டு லட்சம். மூன்றாம் வருஷம் இரண்டரைக் கோடிக்குப் பக்கம். மாடி கட்டலாமா, கீழேயே நல்ல அறையாகக் கட்டலாமா, இவரால் படி ஏற முடியாதே என்றெல்லாம் நினைத்துக்கொண்டே அழுத்தினேன்.

ஐந்தாம் வருஷம் இருபத்து நான்கு கோடி. அப்போதுதான் சிரிப்பு நின்றது. விரல் நிற்கவில்லை. பத்தாம் வருஷம் வந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் பின்னாலிருந்து காற்புள்ளி வைத்து வைத்துப் படித்தேன். ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறு கோடி. பிளவுஸ் தைக்கிற பிலோமினாவுக்கு ஏழாயிரத்து நானூறு கோடி. இன்னும் ஐந்து வருஷம் அழுத்தினால் இருபத்திரண்டு லட்சம் கோடி. இவர் கிரேன் ஓட்டிய துறைமுகத்தையும் அங்கே நிற்கிற கப்பல்களையும் வாங்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மிச்சத்தை வைக்க ஊரில் இடம் இருக்காது.

பத்து என்பது சின்ன எண். இரண்டு கை விரல். அதற்குள்ளே இவ்வளவு இருக்கிறது. கோயில் பீடத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி அந்த எண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. எட்டு லட்சத்தை இப்படி ஆக்கத் தெரிந்தவனுக்கு என்னுடைய எட்டு லட்சம் எதற்கு? அவனிடம் ஒரு பத்தாயிரம் இருந்தால் போதாதா? வட்டியை மாதாமாதம் கையில் வாங்கினாலும் அதே கேள்விதான். மாதம் பத்து சம்பாதித்துத் தருகிற தொழில் எது? படகுக்காரர்கள் ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து பிடித்து வருவதை விற்றுக் கொடுத்து அண்ணனுக்கே நூற்றுக்கு ஐந்துதான் கிடைக்கிறது, அதுவும் வலை கிழியாத நாளில்.

ஆக, அந்தப் பணம் எங்கேயும் வளரவில்லை. ஒருவர் போடுவதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறான். அண்ணன் வாங்கிய முப்பதாயிரம் யாருடையதோ.

பிப்ரவரி 24

அண்ணன் வெளுத்துத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தான், என்னைக் கூட்டிக்கொண்டு போக. சமையலறையில் உட்கார வைத்தேன்.

“நான் வரல. எட்டு லட்சம் பத்து வருஷத்துல எவ்வளவு ஆவும்னு நீயே போடு” என்று போனைக் கொடுத்தேன்.

“எனக்கெதுக்கு போனு?” என்றான். மனசிலேயே போட்டான். வாய் மட்டும் அசைந்தது. ஏலத்தில் படகுக்காரன் கூடையைக் கவிழ்ப்பதற்குள் ரூபாயைச் சொல்லிவிடுகிறவன். ஐந்தாம் வருஷத்துக்கு மேல் அவனுக்கும் மனசு ஓடவில்லை. போனை வாங்கி அழுத்தினான். அப்புறம் மெதுவாகத் தரையில் வைத்தான்.

“எங்கிருந்து கொடுப்பான் அண்ணே?”

தரையில் இருந்த போனை என் பக்கம் தள்ளினான். பிறகு சொன்னான்.

“டிசம்பர்லயே கேட்டேன் பிலோமி. எனக்கு ரூவாய எடுக்கணும்னு. தொண்ணூறு நாள் ஆவும்னான். புதுசா ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க, அவங்க போட்ட அன்னைக்கே உங்களத எடுத்துக்கிடலாம்னான்.”

“அப்போ என் எட்டு லட்சம்...”

“ஆமா. உன்னது உள்ள போனா என்னது வெளிய வரும்.” என் முகத்தைப் பார்க்கவில்லை. “அதுல ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். உனக்கும் நல்லதுதானேன்னு. தொண்ணூறு நாளுன்னு சொன்னப்பவே எனக்குப் பொறி தட்டிச்சு. தட்டாத மாதிரி இருந்துட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பில் இருந்த குழம்புச் சட்டியைத் தூக்கியிருப்பேன். என் அண்ணன் என்னை விற்க வந்திருக்கிறான், வெளுத்த சட்டை போட்டு. “எந்திச்சுப் போ” என்றேன்.

எழுந்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “போடாத, என்ன. நானே நாளைக்கு வந்து கால்ல விழுந்து கேட்டாலும் போடாத” என்றான். செருப்பைப் போட மறந்து தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனான்.

மார்ச் 2

அண்ணனோடு பேசவில்லை. அவனும் வரவில்லை. அவன் வந்தாலே இவர் சுவர்ப்பக்கம் திரும்புவார், இன்று திரும்ப வேலையில்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 28

நவமுத்து பூட்டிக்கிடக்கிறதாம். மானேஜரைக் காணோம். ஊரில் பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. நான் ஒரு பிளவுஸின் கையை மாற்றித் தைத்துவிட்டு முழுவதும் பிரித்தேன்.

ஏப்ரல் 17

அக்னேஸ் மைனி தனியாக வந்தாள். அழுகையெல்லாம் முடிந்த முகம்.

“உங்க அண்ணனுக்குத் தெரியாது நான் வந்தது. அந்த மூணு லட்சம் எங்க ரூவா இல்ல பிலோமி. வீட்டுப் பத்திரத்த வச்சு வாங்கினது. மூணு வட்டி.”

மூன்று. பன்னிரண்டால் பெருக்கினேன், பழக்கம். முப்பத்தாறு.

“மாசம் ஒம்பதாயிரம். போன ஜூன்லேருந்து ஒரு மாசம் விடாம கட்டிருக்காவ. பத்துல மூணு போனா ஏழு லாபம்னு கணக்குச் சொன்னாவ. இப்போ மீன்பிடித் தடைக்காலம் வந்துட்டு, பெரிய போட்டு ஒண்ணும் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீனுல என்ன கமிஷன் வரும்? இந்த மாசம் ஒம்பதாயிரத்துக்கு என் கம்மல வித்தோம்.”

“கட்டினதெல்லாம் போக மிச்சம் எவ்வளவு?”

“எதுல மிச்சம்?”

“கடன்ல.”

“மூணு லட்சம்” என்றாள். “அது அப்படியேதான இருக்கும்?”

பதினோரு மாதத்தில் ஒரு லட்சத்துக்குப் பக்கம் கட்டியிருக்கிறார்கள். கடன் ஒரு ரூபாய் குறையவில்லை. அதில் மைனிக்கு ஆச்சரியமே இல்லை, வட்டி என்றால் அப்படித்தானே என்று சொல்கிறாள். அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. எழுபத்தைந்து வயது வரைக்கும் அவன் ஒன்பதாயிரம் கட்டினாலும் மூன்று லட்சம் அப்படியே உட்கார்ந்திருக்கும். இடையில் இரண்டு மாதம் விட்டால் வீடு போய்விடும்.

மைனிக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள், பணம் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 19

கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எட்டு லட்சத்தையும் தபால் ஆபீஸில் போட்டால் மாதம் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக வரும். ஐந்து லட்சம் போட்டால் மூவாயிரத்துச் சொச்சம். நடுவில் உள்ளது ஆயிரத்து எண்ணூறுக்கு மேல். பயிற்சிக்காரர் நான்கு தடவை வருவதற்கு ஆகிற பணம் அது.

எனக்கு அவன் மேல் கோபம் தீரவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 20

பணம் இவருடையது. கேட்காமல் செய்யக் கூடாது. தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் என்னை எதற்குக் கூப்பிட்டான் என்பதையும் மறைக்கவில்லை.

“மூணு லட்சத்தக் கொடுத்து அந்தப் பத்திரத்த மீட்டுருவோமா? சும்மா வேண்டாம். தபால் ஆபீஸ்ல வர்ற ஏழு நமக்கும் வரட்டும். அவனுக்கு முப்பத்தாறு எங்க, ஏழு எங்க. கொடுக்கட்டும், என்ன சொல்லுதீங்க?”

இந்த இரண்டு மாதத்தில் ‘தண்ணி’ வந்திருக்கிறது, ‘போதும்’ வந்திருக்கிறது, என் பெயரில் பாதி வந்திருக்கிறது. அவ்வளவுதான். சரி என்றால் கண்ணை மூடித் திறப்பார். நான் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய் கோணிக்கொண்டு போயிற்று. கழுத்து நரம்பு எழும்பியது. நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்து முதுகைப் பிடித்தேன்.

“மச்சான்ட்ட...” என்றார். எச்சில் வழிந்தது, துடைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். “மச்சான்ட்ட... வட்டியா?”

ஆறு வருஷமாக ‘மச்சான்’ என்ற சொல் இந்த வீட்டில் இல்லை. பேச்சு இருந்த ஐந்தரை வருஷமும் இவர் அதைச் சொல்லவில்லை. பேச்சில்லாத மனிதர் இப்போது சிரமப்பட்டு எடுத்துச் சொல்கிறார். டாக்டர் சொன்ன எழுபதில் இது இருக்கிறது. நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். இடது கையால் என் தலையில் தட்டிக்கொண்டிருந்தார், போதும் போதும் என்பது போல.

மே 5

வட்டிக்காரர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து லட்சம் தபால் ஆபீஸில் போட்டாயிற்று. கண்ணாடி அம்மாள் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, “எட்டு சொன்னீங்களே?” என்றாள். மிச்சம் வேறு இடத்தில் போட்டிருக்கிறது என்றேன். “நல்ல வட்டியா?” என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றே கேட்டான்.

“எத்தன வட்டி?”

“வட்டி இல்ல.”

“அப்படிச் சொல்லாத. ரெண்டு போட்டுக்கோ. ஒண்ணாவது போடு. எனக்குக் கூச்சமா இருக்குட்டி.”

“கூச்சப்படு. எனக்கு உன் மேல கோவம் இருக்கு, நீ கூச்சப்படு, அது அப்படியே இருக்கட்டும். வட்டி வேண்டாம்னு சொன்னது நான் இல்ல. நான் ஏழு கேட்டேன். உன் மாப்ளதான் வேண்டாம்னுட்டாவ.”

“கண்ணக் காட்டினாரா?”

“வாயத் தொறந்து சொன்னாவ.”

அண்ணன் பத்திரத்தை நெஞ்சோடு வைத்து அமுக்கிக்கொண்டான். உள்ளே வருகிறாயா என்று நான் கேட்கவில்லை, அவனும் வரவில்லை.

சாயங்காலம் கால்குலேட்டரை எடுத்து மூன்று லட்சத்துக்குப் பூஜ்யம் சதவீதம் போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை அழுத்தினாலும் அதே மூன்று லட்சம். விலைவாசி ஏறும், அவன் கொடுத்து முடிக்கும்போது அது இன்றைய மூன்று லட்சமாக இருக்காது, அதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. ஜனவரியில் கொடுத்திருந்தால் தெரியாமல் கொடுத்திருப்பேன். எவ்வளவு போகிறது என்று தெரிந்துகொண்டே கொடுத்திருக்கிறேன், எனக்கே நம்ப முடியவில்லை.

மே 30

இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை வந்தார். வந்து, “வெயிலு” என்றார்.

ஜூன் 27

தடைக்காலம் முடிந்து போட்டுகள் போய் வந்துவிட்டன. காலையில் அண்ணன் துறைமுகத்திலிருந்து நேராக வந்தான், மீன் வாடையோடு. உள்ளே வந்து கட்டிலருகே வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். இவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. இரண்டு பேரும் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பவர்கள் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி என் கையில் கொடுத்தான். ஒன்பதாயிரம்.

“இவ்வளவு வேண்டாம். தடைக்காலம் இப்பத்தான் முடிஞ்சிருக்கு. உனக்கு முடிஞ்சதக் கொடு” என்றேன்.

“இதுதான மாசாமாசம் கொடுத்துட்டிருந்தேன். கைக்குப் பழகிட்டு” என்றான்.

பணத்தை அலமாரியில் வைத்துவிட்டு வந்து, “இனி ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரம்” என்றேன்.

தலையைத் தூக்கினான். “என்ன சொன்ன?”

“ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தோராயிரம் இருக்கு. இப்படியே கொடுத்தா இன்னும் முப்பத்திரண்டு மாசம். அதுக்கப்புறம் ஒரு மூவாயிரம் கொடுத்துட்டா தீந்துரும்.”

“தீந்துருமா?”

“தீந்துரும் அண்ணே. வட்டி இல்லைன்னா கொடுக்கக் கொடுக்கக் குறையத்தான செய்யும்.”

எத்தனையோ படகுக்காரர்களுக்கு ஒரு பைசா பிசகாமல் கணக்குச் சொன்னவன். தன் கையிலிருந்து அதே ஒன்பதாயிரம் மாதாமாதம் போனபோதெல்லாம் மூன்று லட்சம் மூன்று லட்சமாகவே இருந்ததைப் பார்த்துப் பார்த்து, அது குறையக்கூடியது என்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கிறது. கண்ணெல்லாம் கலங்கி, சின்னப் பிள்ளையைப் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

“இன்னொரு தடவ சொல்லு” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. “ரெண்டு... லட்சத்து...” என்று இவர் தொடங்கினார். தொண்ணூற்றோராயிரம் நாக்குக்குப் பெரிய சொல். நடுவில் நின்று, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அண்ணன் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, அவர் முடிக்கும் வரை ஒரு வார்த்தையும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தான்.